12,000 டன் அணுசக்தி ஏவுகணைக் கப்பல்: என் காகித வடிவமைப்பு, ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்

கடல்கிழார் எழுதியது:

2025 செப்டம்பரில் நம் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட தொழில்நுட்பத் தொலைநோக்கு ஆவணத்தில் அணுசக்தி உந்துவிசை இடம்பெற்றதிலிருந்து இந்த எண்ணம் மண்டையைக் குடைகிறது. எல்லோரும் விமானம் தாங்கியைப் பற்றியே பேசுகிறார்கள். ஏவுகணை நாசகாரிக்கு (டெஸ்ட்ராயர் ரகப் போர்க்கப்பல்) அணு உலை வைத்தால் என்ன ஆகும்? உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

எடை 12,000 டன். நீளம் 180 மீட்டர், அகலம் 21. உள்ளே 2 அழுத்த நீர் உலைகள். ரஷ்யப் பனியுடைப்புக் கப்பல்களில் இருக்கும் ரிதம்-200 அளவில் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் அதன் எண்கள்தான் பொதுவெளியில் கிடைக்கின்றன: ஒவ்வொன்றும் 175 மெகாவாட் வெப்பம், ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் 30 மெகாவாட். உலை நீராவி கொடுக்கும், நீராவி டர்பைன் ஜெனரேட்டரைச் சுற்றும், ஷாஃப்டை மின் மோட்டார் சுற்றும். கியர்பாக்ஸ் கிடையாது. ஏவுகணைகளுக்குச் செங்குத்து ஏவு குழல்கள் 128. ஹெலிகாப்டர் 2. வேகம் 30 நாட், அதாவது மணிக்கு 30 கடல் மைல்.

ஆதாயம் என்று நான் நினைப்பது: எரிபொருளுக்காக எங்கும் நிற்க வேண்டாம். புகைபோக்கியும் காற்றுக் குழாய்களும் இல்லாததால் மேல்தளத்தில் ரேடாருக்குத் தாராளமாக இடம். லேசர் மாதிரி மின்சாரம் குடிக்கும் ஆயுதங்களுக்குக் கவலையில்லை. இதைக் கிழித்துத் தொங்கவிடுங்கள் பார்க்கலாம்.

வரலாற்றுப்பித்தன் எழுதியது:

கிழிப்பதற்கு முன்னால் ஒன்று. இந்தக் கப்பல் புதிதல்ல. அமெரிக்கா 9 கட்டியது, சோவியத் 4 கட்டியது. அமெரிக்கர்களுடையது ஒன்றுகூட இன்று கடலில் இல்லை.

முதல் கப்பல் லாங் பீச், 1961 செப்டம்பரில் சேவைக்கு வந்தது. 220 மீட்டர் நீளம், 2 உலைகள், செலவு 33 கோடி டாலர், அந்தக் காலத்துப் பணத்தில். முதலில் ஒரு பீரங்கிகூட வைக்காமல் முழுக்க ஏவுகணையை நம்பிக் கட்டினார்கள். அப்புறம் கென்னடி வற்புறுத்தியதால் ஐந்தங்குலப் பீரங்கி இரண்டை ஒட்டுப் போட்டார்கள். நடுவில் பொலாரிஸ் ஏவுகணைக்கென்று இடம் ஒதுக்கி, அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, கடைசியில் அங்கே நீர்மூழ்கி எதிர்ப்பு ராக்கெட் உட்கார்ந்தது. சதுர அட்டைப்பெட்டி மாதிரி மேல்கட்டுமானம், அதன் நான்கு பக்கமும் தட்டையான ரேடார் பலகைகள். ஏஜிஸ் என்ற ரேடார்-ஏவுகணை அமைப்பு உள்ள இன்றைய அமெரிக்கக் கப்பல்களின் முகத்தைப் பார்த்துவிட்டு லாங் பீச்சைப் பார்த்தால் தாத்தா முகம் தெரியும்.

சும்மா அலங்காரத்துக்கு நின்ற கப்பலும் இல்லை. 1968-இல் வியட்நாம் கரைக்கு அப்பால் டாலோஸ் ஏவுகணையால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் மிக் விமானத்தை வீழ்த்தியது.

1964-இல் விமானம் தாங்கி என்டர்பிரைஸ், லாங் பீச், பெயின்பிரிட்ஜ் என்ற மூன்று அணுசக்திக் கப்பல்களும் சேர்ந்து உலகைச் சுற்றின. 65 நாள், 30,565 கடல் மைல், வழியில் எங்கும் எரிபொருள் வாங்கவில்லை. நீங்கள் சொல்லும் முதல் ஆதாயத்துக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. ஆனாலும் 1990களில் ஒன்பதையும் ஓரங்கட்டிவிட்டார்கள். ஏன் என்று யோசிக்காமல் வடிவமைப்பில் இறங்கினால் அதே பள்ளத்தில்தான் விழுவோம்.

சும்மாவந்தவன் எழுதியது:

பாப்கார்ன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். இதன் மேல் ஒரு ஏவுகணை விழுந்தால் என்ன ஆகும்?

அடிமானம் எழுதியது:

சும்மாவந்தவன் கேட்டதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த உலை இந்தக் கப்பலுக்குள் நுழையுமா என்று பார்ப்போம்.

கப்பல் வரைபடத்தோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. ரிதம்-200 பாதுகாப்புக் கூட்டோடு சேர்த்து ஒன்று 1,100 டன். இரண்டுக்கு 2,200. உங்கள் கப்பலின் எடையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போய்விட்டது. இன்னும் டர்பைன், ஜெனரேட்டர், கண்டென்சர், மோட்டார் எதையும் சேர்க்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் எல்.எம்-2500 கேஸ் டர்பைன், உறையோடு சேர்த்து ஒன்று 22 டன் வாக்கில். நாலு வைத்தாலும் 100 டன்னைத் தொடாது.

எரிபொருள் மிச்சமாகிறதே என்பீர்கள். ஆமாம், ஆயிரத்துச் சொச்சம் டன் மிச்சம். அதில் நிஜமான நன்மை ஒன்று உண்டு, நீங்கள்தான் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். சாதாரணக் கப்பலில் எரிபொருள் அடித்தட்டில் இருக்கும். எரிய எரிய அடியில் கனம் குறையும், கப்பல் மேல்கனமாகும், அதை ஈடுகட்ட கடல் நீரை ஏற்ற வேண்டும். உலையின் கனம் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். கப்பலின் நிலைப்புக் கணக்குப் போடுகிறவனுக்கு இது சொர்க்கம்.

இப்போது கெட்ட செய்தி. அந்த உலைக் கூட்டின் உயரம் 15.5 மீட்டர். பனியுடைப்புக் கப்பல் 33,500 டன், உடல் ஆழம் அதற்கேற்ப இருக்கும். நாசகாரியில் அடிக்கட்டையிலிருந்து மேல்தளம் வரை 12, 13 மீட்டர்தான். அதாவது உலையின் தலை மேல்தளத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்கும். அந்த இடத்தில்தான் நீங்கள் ரேடார் கோபுரத்தை வரைந்திருக்கிறீர்கள். உயரம் குறைவான உலையைத் தனியாக வடிவமைத்தே ஆக வேண்டும். தனியாக வடிவமைப்பது என்றால் பத்துப் பதினைந்து வருடம், தரையில் ஒரு மாதிரி உலை, அப்புறம்தான் கப்பல்.

பனியுடைப்புக் கப்பலின் உலை நீருக்கடியில் குண்டு வெடிக்கும் அதிர்ச்சியைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டதல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடல்கிழார் எழுதியது:

அடிமானம் சார், உயரம் நல்ல பிடி. ஆனால் ரிதம்-200 நான் எடுத்துக்கொண்ட அளவுகோல்தான், அதையே தூக்கி வைக்கச் சொல்லவில்லை. 1976-லேயே அமெரிக்காவின் வர்ஜீனியா வகுப்பில் (ஒரே வடிவமைப்பில் கட்டிய கப்பல்கள்) 11,000 டன் கப்பலுக்குள் 2 உலை வைத்தார்களே? டி-2-ஜி உலை. அது நுழைந்தபோது இது நுழையாதா?

அடிமானம் எழுதியது:

நுழையும். ஆனால் வேகத்தைப் பாருங்கள். 180 மீட்டர், 12,000 டன், 30 நாட் என்றால் ஷாஃப்டில் தோராயமாக 60 முதல் 70 மெகாவாட் வேண்டும். 65 என்று வைப்போம். உங்கள் இரண்டு உலையும் சேர்ந்து ஏறக்குறைய 72 மெகாவாட் மின்சாரம் தரும். ரேடார், குளிர்சாதனம், பம்புகள், விளக்கு, சமையல் எல்லாவற்றுக்கும் 8-ஐ ஒதுக்குங்கள். மோட்டார் வரை போய்ச் சேர்வதற்குள் கொஞ்சம் வீணாகும். ஷாஃப்டுக்கு 57, 58 வரும். 28 நாட்டைத் தாண்டும், 30 வராது.

வர்ஜீனியா 60,000 குதிரைத்திறனில், அதாவது 45 மெகாவாட்டில், 30 நாட் ஓடியதாகச் சொல்வார்கள். அது 178 மீட்டர் நீளத்துக்கு 19 மீட்டர் அகலமே உள்ள ஒல்லிக்குச்சிக் கப்பல். நீங்கள் 128 குழலும் ரேடார் கோபுரமும் வைக்க 21 மீட்டர் கேட்கிறீர்கள்.

முக்கியமானது இது: தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. 30 நாட்டுக்கு 65 மெகாவாட் என்றால் 15 நாட்டுக்கு 8 போதும். போர்க்கப்பல் தன் ஆயுளில் பெரும்பகுதியை 12 முதல் 18 நாட்டுக்குள்தான் ஓட்டும். அந்த நேரமெல்லாம் இரண்டாவது உலை சும்மா சூடாக உட்கார்ந்திருக்கும், அதற்கும் ஆள் காவல் இருக்க வேண்டும்.

பாய்லர்சாமி எழுதியது:

தம்பிகளா, எல்லோரும் உலையையே பேசுகிறீர்கள். உலைக்குப் பின்னால் இருக்கும் நீராவியைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் வணிகக் கப்பலில் நீராவி டர்பைன் பார்த்தவன், திரவ எரிவாயு ஏற்றும் எல்.என்.ஜி டேங்கர்களில். அணு உலை என் கையில் பட்டதில்லை. ஆனால் ஜெனரேட்டரைச் சுற்றுவது யுரேனியம் இல்லை, நீராவி.

கேஸ் டர்பைன்காரன் பொத்தானை அழுத்தினால் சில நிமிடத்தில் கிளம்பிவிடுவான். நீராவி டர்பைனை அப்படி எழுப்ப முடியாது. மெதுவாகச் சுழற்றும் கியரைப் போட்டு ரோட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நீராவி விட்டுச் சூடேற்ற வேண்டும், குழாய்களில் தேங்கும் தண்ணீரை வடிக்க வேண்டும். அவசரப்பட்டால் ரோட்டர் வளையும். மணிக்கணக்கு வேலை.

அப்புறம் கண்டென்சர். டர்பைனை விட்டு வரும் நீராவியைக் கடல் நீர் ஓடும் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள் குளிர்வித்துத் திரும்பத் தண்ணீராக்கும். அதில் ஒரே ஒரு குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் போதும். குழாய்க்குள் கடல் நீர், வெளியே வெற்றிடம். உப்புத் தண்ணீர் நேராகப் பாய்லர் தண்ணீரில் கலக்கும். உப்பு மீட்டரின் முள் ஏறுவதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். அந்தக் காலத்தில் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? கடல் நீர் உள்ளே வரும் பக்கம் மரத்தூளைக் கொட்டுவோம். வெற்றிடம் அதை ஓட்டைக்கு இழுத்து அடைத்துக்கொள்ளும். அடுத்த துறைமுகம் வரை தாங்கும். துறைமுகத்தில் கண்டென்சரைத் திறந்து, குழாய்த் தகட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டினால் ஓட்டைக் குழாய் இருக்கும் இடத்தில் தாள் உள்ளே குழியும். அந்தக் குழாய்க்கு இரண்டு பக்கமும் ஆப்பு அடித்துவிட்டுக் கிளம்புவோம்.

எங்கள் பாய்லரில் அது தலைவலி. அணு உலையின் நீராவி ஜெனரேட்டரில் அது வேறு விஷயம். அந்தக் குழாய்ச் சுவருக்கு ஒரு பக்கம் கதிரியக்கத் தண்ணீர், மறு பக்கம் சுத்த நீராவி. உப்பின் குளோரைடு அந்த உலோகத்தில் விரிசல் விட வைக்கும். ஆகவே அங்கே தண்ணீர் ரசாயனம் பார்ப்பதற்கே தனி ஆட்கள், தனி ஆய்வகம். எரிபொருள் செலவு இல்லை என்கிறீர்கள், சரி. ஆள் செலவு?

வரலாற்றுப்பித்தன் எழுதியது:

பாய்லர்சாமி ஐயா கேட்ட ஆள் செலவுக்கு நேரடி விடை கப்பற்படையின் கணக்கிலேயே இருக்கிறது. 1996-இல் அமெரிக்கக் கடற்படை போட்ட ஒப்பீட்டில் வர்ஜீனியா வகுப்பை ஓட்ட வருடத்துக்கு 4 கோடி டாலர். கேஸ் டர்பைனில் ஓடும் டிகொண்டரோகா வகுப்புக் கப்பலுக்கு 2.8 கோடி. ஆர்லி பர்க் நாசகாரிக்கு 2 கோடி. டிகொண்டரோகாவில் 350 சொச்சம் பேர், வர்ஜீனியாவில் 550-க்கு மேல். இதே நேரத்தில் உலைகளுக்கு எரிபொருள் மாற்ற வேண்டிய காலமும் வந்தது. பனிப்போர் முடிந்து பட்ஜெட் வெட்டு. வர்ஜீனியா வகுப்பின் டெக்சாஸ் கப்பலை எரிபொருள் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்த பாதியிலேயே நிறுத்தி 1993-இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். 16 வருடம்தான் ஓடியது.

அரசியலையும் சொல்ல வேண்டும். அணுசக்திக் கடற்படையின் தந்தை ரிக்கோவர் அமெரிக்கக் காங்கிரசை எந்த அளவுக்குக் கையில் வைத்திருந்தார் என்றால், 1974-இல் சட்டமே போட்டார்கள்: தாக்குதல் படையில் சேரும் பெரிய போர்க்கப்பல் எல்லாம் அணுசக்தியில் ஓட வேண்டும், வேண்டாம் என்றால் ஜனாதிபதி காரணம் சொல்ல வேண்டும் என்று. அந்தச் சட்டத்தின் பிள்ளைதான் ஸ்ட்ரைக் குரூசர் திட்டம் (குரூசர் என்றால் நாசகாரியைவிடப் பெரிய போர்க்கப்பல்). 17,000 டன், ஏஜிஸ் ரேடார், எட்டங்குலப் பீரங்கி. விலையைப் பார்த்ததும் எல்லோருக்கும் மயக்கம் வந்தது. ஏஜிசைத் தூக்கி ஸ்ப்ரூவன்ஸ் வகுப்பின் கேஸ் டர்பைன் உடலில் வைத்தார்கள், அதுதான் டிகொண்டரோகா, 1983. அந்த வகுப்பில் 27 கட்டினார்கள். அணுசக்திக்குக் கட்டையைப் போட்டது இந்த 27 என்பது என் கட்சி.

கடல்கிழார் எழுதியது:

அமெரிக்கா கைவிட்டது என்பதற்காக யோசனையே தப்பாகிவிடாது. ரஷ்யா கைவிடவில்லையே? அவர்களுடைய அணுசக்திக் குரூசர்களான கீரோவ் வகுப்பைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

வரலாற்றுப்பித்தன் எழுதியது:

திறக்கிறேன். கீரோவ் 1980 டிசம்பரில் வந்தது. 252 மீட்டர், 24,000 டன்னுக்கு மேல். 20 கிரானிட் ஏவுகணை, எஸ்-300 விமான எதிர்ப்பு ஏவுகணையின் கடல் வடிவம் 96. கிரானிட் முதலில் நீர்மூழ்கிக்காகச் செய்யப்பட்டது. அதனால் இந்த மேல்பரப்புக் கப்பலில்கூட ஏவுவதற்கு முன் குழலுக்குள் கடல் நீரை நிரப்புவார்கள். எனக்கு மிகவும் பிடித்த வினோதம் இது.

உந்துவிசைதான் நமக்கு வேண்டியது. 300 மெகாவாட் வெப்ப உலை 2. அதோடு எண்ணெய்யில் எரியும் பாய்லர் 2. மொத்தம் 1,40,000 குதிரைத்திறன், 31, 32 நாட். உலை நின்றுபோனாலும் பாய்லரிலேயே வீடு வந்து சேரலாம். புகைபோக்கியும் உண்டு, கவனியுங்கள்.

இனி அந்த வகுப்பின் நான்கு கப்பல்களின் ஜாதகம். கீரோவுக்கு 1990-இல் மத்தியதரைக் கடலில் உலைக் கோளாறு. திரும்ப வந்து கட்டப்பட்டது, பழுது பார்க்கவேயில்லை. லாசரெவ் உடைப்புக்குப் போனது. நக்கீமோவ் 1999-இல் பட்டறைக்குள் போய் 2025 ஆகஸ்டில்தான் சோதனை ஓட்டத்துக்குக் கடலைப் பார்த்தது. பியோத்தர் வெலிக்கி 1986-இல் தொடங்கி 1998-இல் சேவைக்கு வந்தது. 2004-இல் அவர்களுடைய கடற்படைத் தலைவரே அது எந்த நேரமும் வெடிக்கலாம் என்று வாய்விட்டு, அப்புறம் பின்வாங்கினார். லிடர் என்று 19,000 டன்னில் ஒரு புதிய அணு நாசகாரித் திட்டம் இருந்தது, 2020-இல் வேலையை நிறுத்திவிட்டார்கள். கைவிடவில்லை என்ற சொல்லை இந்தப் பட்டியலுக்கு முன்னால் வைத்து நீங்களே பாருங்கள்.

நங்கூரம் எழுதியது:

தாமதமாக வருகிறேன். எல்லோரும் உலை வேலை செய்யுமா, விலை என்ன என்று பேசுகிறார்கள். வேலை செய்யும் என்றே வைத்துக்கொள்வோம். எதற்கு?

செங்கடலில் 2023 அக்டோபர் முதல் நடந்ததைப் பாருங்கள். கார்னி மாதிரி அமெரிக்க நாசகாரிகள் ஹூதி ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் மாதக்கணக்கில் சுட்டு வீழ்த்தின. டீசல் தீர்ந்தால் டேங்கர் பக்கத்தில் வரும், ஹோஸ் போடும், சில மணி நேரத்தில் நிரம்பிவிடும். இது கடற்படைகள் நூறு வருடமாகச் செய்யும் வேலை. குழலில் ஏவுகணை தீர்ந்தால்? துறைமுகம் போக வேண்டும். நடுக்கடலில் செங்குத்துக் குழலுக்கு ஏவுகணை ஏற்றுவதை அமெரிக்கர்களே 2024 அக்டோபரில்தான் சோசின் குரூசரில் சோதித்தார்கள், அதுவும் காலி உறையை வைத்து. கிரேனில் ஆடும் அந்த நீளமான உறையை அலையில் ஆடும் குழலுக்குள் இறக்குவது ஊசியில் நூல் கோக்கும் வேலை.

ஆக உங்கள் 128 குழல் ஒரு வாரச் சண்டையில் காலி. அதற்குப் பின் 20 வருடத்துக்கு யுரேனியம் மிச்சம் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டியதுதான். கப்பல் எவ்வளவு நாள் கடலில் நிற்கும் என்பதை முதலில் தீர்ந்துபோகும் பொருள்தான் முடிவு செய்யும். அது டீசல் இல்லை.

இன்னொன்று. விமானம் தாங்கியோடு கூடவே ஓட அணுசக்தி வேண்டும் என்பது பழைய வாதம். நிமிட்ஸ் வகுப்புக்கு உலைக்கு எரிபொருள் வேண்டாம், விமானங்களுக்கு வேண்டும். டேங்கர் எப்படியும் கூடவே வரும். வந்த டேங்கரிடம் நாசகாரியும் வாங்கிக்கொள்கிறது.

கடல்கிழார் எழுதியது:

நங்கூரம், செங்கடல் குறுகலான இடம், பக்கத்திலேயே துறைமுகங்கள். தென் இந்தியப் பெருங்கடலில் டேங்கரையே எதிரி நீர்மூழ்கி முதலில் அடிப்பான். அப்போது டேங்கர் தேவையில்லாத கப்பலின் அருமை தெரியும். இதை விட்டுக்கொடுக்க மாட்டேன். மின்சார வாதத்துக்கும் இன்னும் பதில் வரவில்லை.

நங்கூரம் எழுதியது:

டேங்கரை அடிப்பான் என்பது நியாயம். ஆனால் டேங்கரைக் காக்கவும் சப்ளைக் கப்பலைக் காக்கவும் வேண்டியது எண்ணிக்கை. ஒரு அணு நாசகாரியின் விலையில் எத்தனை சாதாரண நாசகாரி வரும் என்பதுதான் கேள்வி.

மின்சாரத்துக்கு ஒரே சொல்: சும்வால்ட், அமெரிக்க நாசகாரி. 78 மெகாவாட், முழு மின் உந்துவிசை, எல்லாம் கேஸ் டர்பைன். அந்த அளவு மின்சாரத்துக்கு ஏற்றது ரயில்கன், மின்காந்த விசையால் குண்டை எறியும் பீரங்கி, என்று காத்திருந்தார்கள். 2021-இல் அமெரிக்கக் கடற்படை அந்தத் திட்டத்தையே நிறுத்தியது. இன்று கப்பலில் ஏறியிருக்கும் ஹீலியோஸ் லேசர் 60 கிலோவாட் ரகம். கிலோவாட், மெகாவாட் இல்லை.

அமெரிக்கக் கடற்படையே 2006-இல் ஒரு ஆய்வு செய்தது. நடுத்தரப் போர்க்கப்பலுக்கு அணுசக்தி கட்டுப்படியாக வேண்டுமானால் கச்சா எண்ணெய் பீப்பாய் 70 டாலரிலிருந்து 225 டாலர் வரை இருக்க வேண்டும் என்று வந்தது. கப்பல் எவ்வளவு ஓடுகிறது, எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதைப் பொறுத்து இவ்வளவு அகலமான இடைவெளி. 70 என்ற முனையைப் பிடித்துக்கொண்டு அணு ஆதரவாளர்கள் குதித்தார்கள். 2008-இல் எண்ணெய் விலை எகிறியபோது குதிப்பு கூடியது. அதை நம்பி யோசிக்கப்பட்ட புதிய குரூசர் திட்டம் 2010-இல் ரத்து.

சும்மாவந்தவன் எழுதியது:

என் ஏவுகணை இன்னும் விழவில்லை. நினைவூட்டுகிறேன்.

அடிமானம் எழுதியது:

விழட்டும். உலை பாம் மாதிரி வெடிக்காது, அந்தப் பயம் வேண்டாம். பிரச்சினை வேறு. உலையை நிறுத்தினாலும் அதன் எரிபொருள் நாள்கணக்கில் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும், குளிர்விக்கப் பம்ப் ஓட வேண்டும். தீப்பிடித்த கப்பலில் மின்சாரம் போய், ஆட்கள் இறங்கும் நிலை வந்தால் யார் பம்பைப் பார்ப்பது? அதனால் உலையைக் கப்பலின் நடுவில், அடியில், இரண்டு பக்கமும் மோதல் தடுப்பு வெளி விட்டு, சுற்றிக் கவசத் தகடு வைத்து அமைப்பார்கள். கீரோவ் வகுப்பில் உலையைச் சுற்றிக் கவசம் உண்டு. கவசம் என்றால் மறுபடி கனம்.

அடுத்து, 2022-இல் ரஷ்யாவின் மாஸ்க்வா குரூசர் கருங்கடலில் மூழ்கியது. அது கேஸ் டர்பைன் கப்பல். எதிரிக்கு அது வெற்றி, மூழ்கியவருக்கு அவமானம், அதோடு முடிந்தது. அதே இடத்தில் ஒரு அணு குரூசர் மூழ்கியிருந்தால் கருங்கடலைச் சுற்றியுள்ள எல்லா நாடும் அதில் கட்சிக்காரர் ஆகியிருக்கும். நீர்மூழ்கிக்கும் இந்த அபாயம் உண்டு. ஆனால் நீர்மூழ்கியின் வேலை ஒளிந்திருப்பது. நாசகாரியின் வேலை அடி வாங்கும் இடத்தில் முன்னால் நிற்பது.

காசிமேட்டுக்காரன் எழுதியது:

துறைமுகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2007 ஜூலையில் அமெரிக்க அணுசக்தி விமானம் தாங்கி நிமிட்ஸ் சென்னைக்கு வந்தது. துறைமுகத்துக்கு வெளியே தள்ளித்தான் நங்கூரம் போட்டது, மாலுமிகள் படகில் கரைக்கு வந்தார்கள். ஊரில் ஆர்ப்பாட்டம், கதிரியக்கம் கசியுமா என்று பத்திரிகைகளில் விவாதம். மெரினாவில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். ஒரு சாம்பல் கோடு தெரிந்தது, அவ்வளவுதான்.

நாசகாரி என்பது ஊர் ஊராகப் போய்க் கொடி காட்டும் கப்பல். நியூசிலாந்து 1987-இல் சட்டம் போட்டு அணுசக்திக் கப்பலை உள்ளேயே விடுவதில்லை. அதற்கு முன் அங்கே டிரக்ஸ்டன், லாங் பீச், டெக்சாஸ் எல்லாம் போனபோது சின்னப் படகுகளில் மறித்தார்கள். நாம் கட்டும் கப்பலைக் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கரையோரம் கட்டவிடுவார்களா என்பதையும் யோசியுங்கள்.

பாய்லர்சாமி எழுதியது:

நான் ஒரு பாதி வழி சொல்கிறேன். உலை ஒன்றே ஒன்று. நிதான ஓட்டத்துக்கு அது. பாய்ச்சலுக்கு இரண்டு கேஸ் டர்பைன். கீரோவின் யோசனைதான், பாய்லருக்குப் பதில் டர்பைன். எல்லாம் மின்சாரமாகவே வருவதால் எது எங்கே சுற்றுகிறது என்று ஷாஃப்டுக்குத் தெரியாது. அடிமானம் தம்பி, எவ்வளவு வரும்?

அடிமானம் எழுதியது:

ஐயா, ஒரு உலை 36 மெகாவாட் மின்சாரம். கப்பலின் சொந்தத் தேவைக்கு 8 போக, வீண் போக, ஷாஃப்டுக்கு 26. அதில் 22 நாட் வரும், உலகம் முழுக்க. எல்.எம்-2500 இரண்டைச் சேர்த்தால் 30 வந்துவிடும். கனத்தில் ஆயிரம் டன்னுக்கு மேல் மிச்சம், உலை நின்றால் வீட்டுக்கு வரவும் வழி உண்டு. காகிதத்தில் இதுவரை வந்ததில் இதுதான் தேறும்.

ஆனால் புகைபோக்கி திரும்ப வந்துவிட்டது, எரிபொருள் தொட்டி வந்துவிட்டது, இரண்டு வகை இயந்திரத்துக்கு இரண்டு வகை ஆட்கள். கடல்கிழார் சொன்ன மூன்று ஆதாயத்தில் ஒன்றரைதான் மிஞ்சுகிறது.

நங்கூரம் எழுதியது:

பாதி வழியோ முழு வழியோ, நம் நாட்டுக் கதைக்கு வருவோம். நம்மிடம் கப்பலில் ஓடி நிரூபித்த உலை அரிஹந்த் நீர்மூழ்கியின் ரகம், 83 மெகாவாட் வெப்பம். ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமானால் 16, 17 மெகாவாட். இந்த நாசகாரிக்கு நாலைந்து வேண்டும். என்டர்பிரைசில் 8 உலை வைத்த கதைதான்.

அந்த 83 மெகாவாட் எப்படி வந்தது? கல்பாக்கத்தில், கடற்கரையோரம், தரையில் ஒரு மாதிரி உலையைக் கட்டி வருடக்கணக்கில் ஓட்டிப் பழகினார்கள். அது இருப்பதையே 2009-இல்தான் வெளியே சொன்னார்கள். அதே வருடம் ஜூலையில் அரிஹந்த் தண்ணீரில் இறங்கியது. அதன் உலை 2013 ஆகஸ்டில் உயிர் பெற்றது, 2016-இல் சேவைக்கு வந்தது. இதோடு சோவியத்திடம் ஒரு முறை, ரஷ்யாவிடம் ஒரு முறை அணு நீர்மூழ்கியைக் குத்தகைக்கு எடுத்து, சக்ரா என்று பெயர் வைத்து, ஆட்களைப் பயிற்றுவித்தார்கள். உலையை ஓட்டத் தெரிந்த ஒரு கடற்படை அதிகாரி உருவாக எத்தனை காலம் ஆகும் என்று இதிலிருந்தே தெரியும்.

அந்தக் கையளவு ஆட்களையும், உலை செய்யும் அந்த ஒரே பட்டறை வரிசையையும் நாசகாரிக்குத் திருப்பினால் ஏதாவது ஒரு நீர்மூழ்கி பின்னால் போகும். நீர்மூழ்கிக்கு உலை கொடுத்தால் அது வேறு பிராணியாகிவிடுகிறது. மூச்சு வாங்க மேலே வர வேண்டாம், மாதக்கணக்கில் அடியிலேயே வேகமாக ஓடலாம். நாசகாரிக்கு உலை கொடுத்தால் டேங்கரைச் சந்திக்கும் தடவை குறையும். இரண்டில் எதற்குக் கொடுப்பீர்கள்?

கடல்கிழார் எழுதியது:

இன்றைக்கு என்றால் நீர்மூழ்கிக்கு. நான் 2045-ஐப் பற்றிப் பேசுகிறேன். விமானம் தாங்கிக்கு என்று பெரிய உலை ஒன்றைச் செய்யத்தானே போகிறார்கள்? அது வந்த பிறகு அதில் ஒன்றை எடுத்து இந்த உடலில் வைக்க முடியுமா என்பதுதான் என் அடுத்த வரைபடம். பாய்லர்சாமி ஐயாவின் ஒற்றை உலை அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். எடை 13,000, குழல் 112-ஆகக் குறையும். ஹேங்கரைப் பின்தளத்துக்கு அடியில் கொண்டு போய் லிஃப்ட் வைத்தால் மேலே இன்னும் 16 குழலுக்கு இடம் கிடைக்குமா?

வரலாற்றுப்பித்தன் எழுதியது:

ஐயோ, அதை மட்டும் செய்யாதீர்கள். வர்ஜீனியா வகுப்பில் அதைத்தான் செய்தார்கள். பின்தளத்துக்கு அடியில் ஹேங்கர், மேலே மூடி, லிஃப்ட். அந்த மூடியைத் தண்ணீர் புகாமல் அடைக்கவே முடியவில்லை. கடைசியில் ஹெலிகாப்டரை விட்டுவிட்டு அந்த இடத்தில் டொமஹாக் ஏவுகணைப் பெட்டிகளை வைத்தார்கள்.

அடிமானம் எழுதியது:

112-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஹேங்கர் மேலேயே இருக்கட்டும். புதிய வரைபடத்தில் உலை அறையின் முன்சுவர் எத்தனையாவது மீட்டரில் வருகிறது என்று குறித்துப் போடுங்கள், நிலைப்புக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.